கழுதை 'பட்ஜெட்' சொல்லப் பழகியது

ஒரு காட்டில், காட்டை நிர்வாகம் செய்ய ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அதற்குப் பிறகு காட்டில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஃபாரம் இருந்தது. நிழலில் நிற்க மஞ்சள் ஃபாரம், வெயிலில் நிற்க வெள்ளை ஃபாரம். இரண்டிலும் நிற்காதவர்கள், தாங்கள் எங்கும் நிற்கவில்லை என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

அந்த ஆபீசுக்குத் தினமும் மூன்று நடை ஓடைத் தண்ணீர் சுமந்தது சிவப்பி என்ற கழுதை. அதற்கு இருபது நாள் குட்டி ஒன்று இருந்தது. ஆபீஸ் கொடுத்த கொட்டகைக்கு நாலு கால் உண்டு; கூரை மட்டும் ஆடிக் காற்றோடு போய்விட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் எட்டே நாள். குட்டிக்கு இப்போதே மூக்கு ஒழுகியது. நனைந்தால் தாங்காது.

சிவப்பி மனு எழுதி, மூன்று ஜெராக்ஸ் எடுத்து, வரிசையில் நின்று, சூப்பிரண்டு நரியிடம் நீட்டியது.

நரி நிமிரவில்லை. "பட்ஜெட் இல்ல."

"சார், நான் கேட்டது கூரை."

"அதுக்குத்தான் பட்ஜெட் இல்ல."

"அது இல்லாட்டி பரவால்ல சார். கூரை மட்டும் குடுங்க. நாலு தென்னங்கீத்து போதும்."

பின்னால் நின்ற முள்ளம்பன்றி குலுங்கிச் சிரித்ததில் வரிசையில் மூன்று பேருக்குக் காயம். "ஏம்மா, இங்கிலீஷ் தெரியாம எதுக்கு ஆபீசுக்கு வர்றே?"

அன்று சாயங்காலமே சிவப்பி 'மைனா மிஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில்' சேர்ந்தது. முப்பதே நாளில் மடை திறந்த வெள்ளமாய்ப் பேசலாம் என்று போர்டு சொன்னது. ஃபீஸ், மிஸ் வீட்டுத் தொட்டிக்கு ஆறு நடை தண்ணீர்.

"மிஸ், எனக்கு ஒரு வார்த்தை போதும்," என்றது சிவப்பி.

"ஒண்ணா இருந்தாலும் ஃபுல் ஃபீஸ்தான்மா. பட்ஜெட்னா என்ன? வரவுக்குத் தக்கபடி போடற செலவுத் திட்டம். எங்கே, கோரஸா!"

"பட்ஜெட்! பட்ஜெட்! பட்ஜெட்!" என்றன முதல் பெஞ்சுத் தவளைகள். அவை பிறவியிலேயே ஃபர்ஸ்ட் ரேங்க்.

"சிவப்பி, நீ சென்டன்ஸ்ல வெச்சுச் சொல்லு பாப்போம்."

"என் கூரைக்கு பட்ஜெட் நாலு கீத்து, ரெண்டு கயிறு, மிஸ்."

"வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!"

மறுநாள் காலை சிவப்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அதே சென்டன்ஸை அதே ராகத்தில் ஒப்பித்தது. நரி முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றியது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"மைனா மிஸ், சார்."

"மைனா மிஸ்ஸுக்கு அர்த்தம் தெரியும்மா, யூசேஜ் தெரியாது. இது கேக்கறவங்க சொல்ற வார்த்தை இல்ல. குடுக்காதவங்க சொல்ற வார்த்தை. போ, இன்னும் ரெண்டு நடை பாக்கி இருக்கு."

சிவப்பியின் இரண்டு காதும் நட்டுக்கொண்டன. யூசேஜ்! அன்றிலிருந்து குடத்தை இறக்கும்போதெல்லாம் நரியையே கவனித்தது.

மான் வந்து உப்புக்கல் கேட்டது. நரி ஃபைலைப் பார்த்தபடி, "பட்ஜெட் இல்ல." ஆமை வந்து படித்துறைக்கு ஒரு கல் கேட்டது. ஃபைலைப் பார்த்தபடி, "பட்ஜெட் இல்ல." மத்தியானம் போன் அடித்தது. சிங்கம்தான். குகைக்கு ஏசி போட்டால் என்ன என்று கேட்டது. நரி எழுந்து நின்று, போனுக்கு முன்னால் வாலை மடக்கிக்கொண்டது.

"ஐயா! பட்ஜெட்டைப் பத்தி ஐயா எதுக்கு நினைக்கணும்? ரெண்டா போட்டுடலாம். ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு!"

சிவப்பிக்கு விளங்கிவிட்டது. கீழே இருப்பவரிடம் சொன்னால் 'இல்ல'. மேலே இருப்பவரிடம் சொன்னால் 'எதுக்கு நினைக்கணும்'. முகத்தைப் பார்க்கக் கூடாது. குரலில் கோபம் கூடாது, வருத்தம் கூடாது. முக்கியமாக, காரணம் கூடவே கூடாது.

ஓடைக்கரையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தது. பயம் இல்லாமல் இல்லை. போன வருஷம் 'என்னால முடியல' என்று வெறும் தமிழில் சொன்ன கோவேறு கழுதைக்கு என்ன கிடைத்தது என்பதை அதன் முதுகைப் பார்த்தாலே படிக்கலாம்.

மழைக்கு இரண்டு நாள் இருக்கும்போது குட்டி இரவெல்லாம் இருமியது. விடிந்ததும் பியூன் குரங்கு கையில் பிரம்போடு வந்தது.

"ஏய் சிவப்பி, குடம் எங்கே? ஐயா இன்ஸ்பெக்‌ஷன் வர்றாரு. டீ போடணும், கிளம்பு!"

சிவப்பி ஒரு காய்ந்த இலையை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டியது. நிமிராமல் சொன்னது:

"தண்ணிக்கு பட்ஜெட் இல்ல."

ஓங்கிய பிரம்பு தானாகக் கீழே இறங்கியது. குரங்கு சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டது.

"எப்போங்க வரும்… மேடம்?"

"சேங்ஷன் ஆனா சொல்லி அனுப்பறேன்."

ஆபீசில் சிங்கம் வந்து உட்கார்ந்தது. உதட்டை நக்கியது. "நரி, டீ எங்கே?"

குரங்கு நரியின் காதில் என்னவோ ஊதியது. நரிக்கு வியர்த்தது. பன்னிரண்டு வருஷ சர்வீசில் முதல் முறையாக, அவசரத்தில், உண்மையைச் சொல்லிவிட்டது.

"ஐயா… தண்ணிக்கு பட்ஜெட் இல்லீங்க ஐயா."

வெளியே தவளைகள்கூடப் பாடத்தை நிறுத்தின.

"யார் டீக்கு?" என்றது சிங்கம்.

"ஐயாவோட…"

"எனக்கா பட்ஜெட் இல்ல? இந்த ஒரு வார்த்தையை எந்தத் திசையில பேசணும்னு உனக்கு இன்னும் தெரியலையா? சரி, இதை முதல்ல சொன்னது யாரு?"

"கழுதைங்க ஐயா," என்றது குரங்கு.

"எப்படிச் சொன்னா? உன் முகத்தைப் பார்த்தா?"

"இல்லீங்க. இலையைப் பார்த்துக்கிட்டுங்க."

"காரணம் ஏதாவது?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. "அடடா! இப்பேர்ப்பட்ட திறமையை முதுகுல குடம் வெச்சு வீணாக்கிட்டோமே!"

சாயங்காலம் உத்தரவு ஒட்டினார்கள். நிர்வாக நலன் கருதி, சிவப்பி என்பவர் இன்று முதல் சூப்பிரண்டாக நியமிக்கப்படுகிறார். ஓட்டுக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்படுகிறது. நரி என்பவர் தண்ணீர்ப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அப்பிரிவுக்கு உரிய கொட்டகையில் தங்கிக்கொள்ளலாம்.

மழை ஒரு நாள் முந்தியே வந்தது. குட்டி காய்ந்த வைக்கோலில் புரண்டது. மூக்கும் காய்ந்துவிட்டது. இருமல் போன இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நரி வந்து நின்றது. மீசையிலிருந்து சொட்டியது. கையில் இருந்த மனுவிலிருந்து எழுத்தெல்லாம் இறங்கி ஓடிவிட்டது.

"மேடம், ராத்திரி பூரா நனைஞ்சிட்டே இருக்கேன். ஒரு பக்கமாவது மூடித் தாங்க."

சிவப்பிக்கு மனசு இளகியது. நனைவது எப்படி என்று அதற்குத் தெரியும். ஃபைலிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி, நரியின் முகத்தைப் பார்க்கப் போனது. அப்போது பின்னாலிருந்து, ஒரு ஃபைலின் மூலையை மென்றபடி, நிமிராமல், ஒரு சின்னக் குரல்:

"பட்ஜெட் இல்ல."

குட்டி இன்னும் 'அம்மா'கூடச் சொன்னதில்லை. சிவப்பிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா! எவ்ளோ சுத்தமா சொல்லுது!" என்று நரியிடமே பூரித்துவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தியது.

நீதி: மழையில் நனைபவரைக் கண்டு இரக்கப்படாதீர்கள். எங்கேயோ ஆங்கிலத்தைத் தப்பான திசையில் பேசியிருப்பார்.