மாமனாருக்கு நான் செய்த கிரனோலா

சமைக்கவே தெரியாத ஆண்களால் ஒரு வீட்டுக்குப் பெரிய ஆபத்து எதுவும் கிடையாது. பேசாமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு பதார்த்தம் மட்டும் செய்யத் தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் ஆபத்து. நான் அந்த வகை. எனக்குத் தெரிந்த பதார்த்தம் கிரனோலா. (தெரிந்தது என்றால், பெங்களூரில் என்னோடு தங்கியிருந்த ஒரு பையன் செய்வதை நான் படுத்தபடியே பார்த்திருக்கிறேன். அம்புட்டுத்தான்.)

கேள்விப்படாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ், நிலக்கடலை, முந்திரி எல்லாவற்றையும் தேனும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசறி, மொறுமொறுவென்று வறுத்து ஆறவைத்தால் கிரனோலா. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவார்கள். இதில் தப்பு நடக்க எங்கே இடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இது நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை பார்த்த அருள்மேரிக்கும் எனக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. இரண்டு குடும்பமும் ஆர்.சி. கிறிஸ்தவர்கள் என்பதால் கோயில் பக்கமிருந்து தடை ஒன்றும் இல்லை. தடையெல்லாம் அவள் அப்பாதான். பழனி பக்கம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்தார். பெங்களூருக்குப் போய்த் திரும்பி வந்த பையன் என்றால் ஒன்று குடிகாரனாக இருப்பான், இல்லையென்றால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவனாக இருப்பான் என்பது அவருடைய கணிப்பு. (இரண்டாவது உண்மை.)

என்னைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தலாம் என்று நினைத்த அருள்மேரி, அவர் குடிக்கவெல்லாம் மாட்டார், காலையில் தன் கையாலேயே கிரனோலா செய்து சாப்பிடுகிற ஆள் என்று வீட்டில் அள்ளிவிட்டிருக்கிறாள். அவள் அப்பா யோசித்துவிட்டு, சரி, ஞாயிற்றுக்கிழமை போய் அதையே சாப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தனியாகத்தான் வருவாராம். பேச்சு முடிவாகாமல் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலைவது அவருக்குப் பிடிக்காதாம்.

"அப்பா ஒரு தடவ வேண்டாம்னுட்டா அதோட முடிஞ்சதுங்க," என்று போனில் சொன்னாள் அருள்மேரி. "எனக்கு வேற எடத்துல பேசிட்டு இருக்காங்க. எப்படியாச்சும் நல்லாச் செஞ்சிருங்க."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

எங்கள் ஊரில் அப்போது ஓட்ஸ் மெடிக்கல் ஷாப்பில்தான் கிடைக்கும். கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று அக்கறையாக விசாரித்தார். பெண் கேட்பதற்கு என்று சொன்னால் என்னையே ஒரு மாதிரி பார்ப்பார் என்பதால், சும்மாதான் என்று சொல்லி வாங்கி வந்தேன். சிறுமலைத் தேன் வீட்டில் இருந்தது. அம்மாவுக்கு இந்த ஏற்பாடு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளி டீச்சர். முதல் தடவையாக வீட்டுக்கு வரும் சம்பந்திக்கு இட்லியும் கறிக்குழம்பும் வைக்காமல், நோயாளிக்குக் கொடுப்பதைக் கொடுக்கிறாயே என்று இரண்டு நாள் புலம்பினார். அப்பா இருந்திருந்தால் இதற்கெல்லாம் விட்டிருப்பாரா என்றும் கேட்டார். நான் அசையவில்லை. ஞாயிறு விடியற்காலையில் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. நற்கருணை வாங்குவதென்றால் (எங்கள் பேச்சில் நன்மை) அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது. இந்த விஷயத்தில் அம்மா சாமியாரைவிடக் கண்டிப்பு. அதனால் நான் செய்ததை நான் ருசி பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, இனிப்பு சரியா இருக்கா என்று மட்டும் கேட்டார். நன்மை வாங்கப் போகும்போது எப்படிப் பார்ப்பது என்று நான் திருப்பிக் கேட்க, அதுவும் சரிதான் என்று அடங்கிவிட்டார்.

எண்ணெய் விடும் கட்டம் வந்தது. அலமாரியில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை எடுத்துச் சாய்த்தேன். இறங்குவதற்கு மனசே இல்லாமல் கெட்டியாக இறங்கியது. அடடா, நம்மூர்ச் செக்கு எண்ணெயின் தரமே தனிதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு குழிக்கரண்டியாக ஊற்றினேன். ஏலக்காயைத் தட்டிப் போட்டு வறுத்தேன். வீடே மணந்தது.

பூசை முடிந்து நாங்கள் வந்து கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் சாயவில்லை. சாய்ந்து உட்காராத மனிதரைப் பார்த்தாலே எனக்குப் பயம். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் பழனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார்.

"ஏனுங்க, அம்புட்டுத் தூரம் போயிட்டு எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

சொந்த ஊரில் இருக்கலாமே என்று... என்று ஏதோ இழுத்தேன். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் கிண்ணத்தில் பாலை ஊற்றிக் கிரனோலாவைப் போட்டு நீட்டினேன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். என் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்துக் கிடக்கவில்லை.

"நல்லாருக்குதுங்க," என்றார். கிண்ணத்தைக் காலி செய்து மறுபடி நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு கிண்ணம் போட்டுக் கொடுத்துவிட்டு, வாழைப்பழம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே ஓடினேன்.

அடுப்படியில் அம்மா நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் குறையவே இல்லையே, எதை ஊற்றினாய் என்று கேட்டார். நான் பக்கத்துப் பாட்டிலைக் காட்டினேன். அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. பருப்பில் வண்டு விழாமல் இருக்கத் தடவி வைக்கும் விளக்கெண்ணெய் அது. என்னைச் சின்ன வயதில் பிடித்துவைத்துப் பேதிக்கு ஊற்றுவார்களே, அதே சாமான்.

ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் விருந்தாளியைப் பார்த்துப் போதும் என்று சொல்வதைப்போல ஒரு அவமானம் கிடையாது. பேச்சை முறித்துக்கொண்டு எழுந்துபோக அது ஒன்று போதும். சொல்லாமல் விட்டாலோ, பழனி பஸ். ஜனத்தோடு ஜனமாக, வெள்ளை வேட்டியோடு, ஒட்டன்சத்திரம் தாண்டும் முன்பே... என்னால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அருள்மேரியை நினைத்தேன்.

தந்திரமாக நிறுத்திவிடலாம் என்று போய், மாமா, பழம் சாப்பிடுங்கள் என்றேன். வாங்கி உரித்து, துண்டு துண்டாகக் கிள்ளிக் கிண்ணத்திலேயே போட்டுக்கொண்டார். கிரனோலாப் பாத்திரத்தைத் துடைக்க எடுப்பதுபோல எடுத்தேன். அது இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் அதைப் பிடித்திருந்தேன், அவரும் பிடித்திருந்தார். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். மூன்றாவது கிண்ணத்தைத் தானே போட்டுக்கொண்டார். கடிகாரத்தில் பஸ்ஸுக்கான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அம்மா வெளியே வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"அண்ணே, இப்பத்தான் நன்மை வாங்கிட்டு வந்திருக்கேன், மறைச்சா அடுக்காது. இவன் நல்லெண்ணெய்னு நெனச்சு வெளக்கெண்ணெய ஊத்தித் தொலைச்சுட்டான். தயவுசெஞ்சு பஸ் ஏறாதீங்க."

அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவுங்க?"

"ரெண்டு கரண்டி மாமா."

"சின்னக் கரண்டிங்களா?"

"குழிக்கரண்டி."

கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். பிறகு தோள் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, "கக்கூஸ் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் கொல்லைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் லேசாக அசைந்தாலே நான் எழுந்து நின்றேன். பிறகு ஆரம்பித்தது. எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழாயில் தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்தது. டிரம்மில் கிடந்தது மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. தெருக்கோடி அடிபம்பில் அடித்து அடித்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகச் சுமந்து கொல்லைக்குக் கொண்டுபோனேன். தெருவே என்னப்பா விசேஷமா என்று கேட்டது. அம்மா மோரும் கஞ்சியும் வைத்துக் கொடுத்தபடி இருந்தார். நான் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் அவர் உள்ளேயிருந்து, "இருக்குதுங்களா?" என்பார். "இருக்கு மாமா," என்பேன். பெரிய பேச்சுவார்த்தை என்று பார்த்தால் அன்றைக்கு அதுதான்.

சாயங்காலம் களைத்துப்போய் நாற்காலியில் வந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் பெங்களூரைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பூசி மெழுகத் தெம்பு இல்லை. கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள் என்று சொன்னேன். பிறகு எனக்குத் தாங்கவில்லை. அருள்மேரி இல்லாமல் என்னால் இருக்க முடியாது மாமா, உங்களுக்கு இப்படி ஆனதற்கு அவளைக் கோபிக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் மோரைக் குடித்து முடித்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லத்தானுங்க வந்தேன். மரியாதைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, கடிதாசி போடறேன்னு சொல்லிட்டுக் கெளம்பறதா இருந்தேன். பொழுதுக்கும் உங்க வீட்லயே கெடந்து, உங்க கையால அம்புட்டுத் தண்ணியும் வாங்கிப்போட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுட்டு வேண்டாம்னு சொல்றது?"

அம்மா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். (வியர்வை என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.)

கல்யாணத்தன்று சமையல்காரரிடம் போய், என்ன எண்ணெய் என்று கேட்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் மாமனார் பந்தியில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அருள்மேரி இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் நடித்துக் காட்டுகிறாள். குடத்தோடு ஓடும் என் நடைக்குத்தான் அதிகச் சிரிப்பு.

மாமனார் சிரிக்க மாட்டார். சில வருடம் கழித்து ஒரு நாள் அவரே எனக்குப் போன் செய்தார். அருள்மேரியின் தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம்.

"நல்ல எடமுங்க மாப்ள. ஆனா அரை மணி நேரத்துல கெளம்பிருவோம்னு சொல்றாங்க. நீங்க ஒரு எட்டு வந்து, அந்தப் பலகாரத்தக் கொஞ்சம் செஞ்சு குடுத்துட்டுப் போங்க."