எடுக்காத வெத்தலை

எனக்கு வயசு எழுபத்தி ரெண்டு. பெத்தது நாலு, செத்துப்போன நாத்தனாரோட ரெண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசினதில்லை. அதுதான் வினையாப் போச்சு.

குடிபாலா பக்கம் எங்க நிலத்தைப் பெரிய ரோடு போட எடுத்தாங்க. நஷ்டஈடு பத்தலைன்னு சித்தூர்ல மத்தியஸ்தம் கேட்டோம். அதுக்குன்னு இருக்கிற அதிகாரி விசாரிச்சுத் தீர்ப்பு சொன்னார்: "இது மானாவாரி நிலம். கிணறு கிடையாது."

கிடையாதாம்! நானும் என் வீட்டுக்காரரும் பாறையைக் குடைஞ்சு வெட்டின கிணறு. (அதுல விழுந்துதான் அவர் கால் ஒடிஞ்சது. இல்லாத கிணத்துல எப்படி விழுந்தாரோ!)

பெரியவன் சொன்னான்: "எம்மா, கோர்ட்டுல போடலாம். அதுக்குக் கெடு கீதாம்."

"சும்மா கெடடா. மத்தியஸ்தம்னா எனக்குத் தெரியாதா?"

எங்க ஊர்ல மத்தியஸ்தர் தீர்ப்பு சொல்லி வெத்தலைத் தட்டை நீட்டுவார். ஒத்துக்கினா எடுக்கணும். எடுக்காம எழுந்து வந்துட்டா தீர்ப்பு நிக்காது; அவரே வீடு தேடி வந்து கூப்பிடுவார். நானும் தீர்ப்புக் காகிதத்தை வாங்கிக்கினு, அந்த அதிகாரிக்கு முதுகைக் காட்டிட்டு வந்தேன். (அங்க வெத்தலைத் தட்டே இல்லை. டவுன்காரங்க, மரியாதை தெரியாதுன்னு நினைச்சேன்.)

மா பூத்தப்ப வந்தது தீர்ப்பு. தினம் நல்ல புடவை கட்டிக்கினு வாசலையே பார்த்தேன். ஜீப் சத்தம் கேட்டா முகத்தைத் திருப்பிக்குவேன், கெஞ்சட்டும்னு. காய் எறங்கி, ஊறுகாயும் போட்டாச்சு. கடைசியில ஒரு வண்டி வந்தது. கிணத்தை மூடற பொக்லைன்.

அப்புறம்தான் திருப்பதிக்கு ஓடினோம், பெரிய வக்கீல்கிட்ட.

"மூணு மாசத்துல போட்டிருக்கணும்மா. தக்க காரணம் சொன்னா இன்னும் ஒரு மாசம். அதுவும் தாண்டிப் போச்சு. இத்தனை நாள் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"நான் எங்க சும்மா இருந்தேன்? கோவமா இருந்தேன்."

அவர் சிரிக்கலை. "பேசாம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரிதாம்மா"ன்னார். ஜன்னல் வழியா மலையைக் காட்டினார். "இனி அவர்கிட்டதான் மனு போடணும். அங்கதான் கெடு கிடையாது."

திரும்பற பஸ்ல பெரியவன் எனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சுக் குடுத்தான். திட்டியிருந்தா தேவலை. இப்போ அதே ரோட்டு நடுவுல வச்ச அரளிச் செடிக்குத் தண்ணி ஊத்தற கூலிக்குப் போறான்.

இன்னைக்கும் நான் கோவிச்சுக்கினு துன்னாம படுத்தா, மருமக உள்ளருந்து கொரல் குடுப்பா: "அத்தை, கெடு முடியப் போவுது! அப்புறம் கொழம்புக்கு அப்பீல் கிடையாது!" வீடே சிரிக்கும். நான் எழுந்து போய் தட்டு முன்னால உக்காந்துடுவேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதினது என் பேத்தி. முடிச்சிட்டியாடி கண்ணு? எங்க, படி பாக்கலாம். கிணறு இருந்துச்சுன்னு சொன்னேனே, அதை மொதல்ல படி.