பள்ளிக்கு நான் போட்ட மதிப்பெண்

பிறருக்குப் புத்தி சொல்லும் வேலையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக் கூட்ட அரங்கில், பெற்றோர் அத்தனை பேர் முன்னிலையிலும் நான் நிரூபித்தேன். வெண்திரையில். பெரிய எழுத்தில்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களின் பெயரில் இணையத்தில் இருக்கும் எதுவும் பள்ளிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரக் கூடாது. மீறினால் வேலை போய்விடும். யார் பெயரில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் வைத்தார். நான் முகநூல் உட்பட எதிலும் இல்லாதவள் என்பது ஒரு காரணம். கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள் காவ்யா போடும் ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பதறிப் பதறி எனக்கு நல்ல பயிற்சி இருந்தது இன்னொரு காரணம். ("துப்பட்டா எங்கேடி?" "அம்மா, அது துப்பட்டா போடற டிரெஸ்ஸே இல்ல!")

முதல் பலி, உடற்பயிற்சி ஆசிரியர் செல்வம். பெசன்ட் நகர் கடற்கரையில் பனியனோடு நின்று பஜ்ஜி தின்னும் படம்.

"இன்னா மேடம், பஜ்ஜி துன்றது ஒரு குத்தமா?"

"பஜ்ஜி இல்ல சார், பனியன்."

"பீச்சுக்குக் கோட்டு போட்டுக்கினா போவாங்க?"

படம் நீங்கியது. வீட்டுக்கு வந்து இந்த வீரப் பிரதாபத்தைச் சொன்னேன். காவ்யா காதிலிருந்து ஒரு பக்க இயர்போனைக் கழற்றிவிட்டு, "மொதல்ல உன் பேரைத் தேடிப் பாத்தியாம்மா?" என்றாள்.

"என் பேர்ல என்னடி இருக்கப் போறது? நான் என்ன உன்னை மாதிரியா?"

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். இணையத்தில் நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று நான் பேச வேண்டும். பேசினேன். கை தட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். "ஒரு ஆசிரியரோட பேர் எவ்வளவு சுத்தமா இருக்கணும்னு பாருங்க" என்று கணினியில் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்துத் தட்டினேன்.

திரையில் பள்ளியின் விவரம் வந்தது. அதற்குக் கீழே பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் சிறிய படம். யாரடா இது, நம்மைப் போலவே இருக்கிறாளே என்று அதை அழுத்தினேன். நானேதான். என் பெயரில் நாற்பத்தொரு விமர்சனங்கள்.

நடந்தது இதுதான். எங்கே போய்வந்தாலும் என் கைப்பேசி, 'இந்த இடம் எப்படி இருந்தது?' என்று கேட்கும். கேள்வி என்று வந்தால் விடை எழுதாமல் விடுவது ஒரு கணக்கு ஆசிரியைக்கு ஆகுமா? எழுதினேன், மதிப்பெண்ணும் போட்டேன். அது என்னிடம் மட்டும் கேட்கிறது, நானும் அதனிடம் மட்டும் சொல்கிறேன் என்றே மூன்று வருடமாக நினைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள்.)

மாடவீதிச் சிற்றுண்டிக் கடை: 'ரவா தோசையில் முறுகல் போதாது. இன்னும் முயற்சி தேவை. மூன்று.' தி.நகர் ஜவுளிக் கடை: 'நாற்பது புடவை பிரித்துக் காட்டியும் முகம் சுளிக்கவில்லை. ஒன்றும் வாங்கவில்லை. ஐந்து.' அரங்கில் சிரிப்பு. அடையாறு தோல் மருத்துவர்: 'முடி உதிர்வது நிற்கவில்லை. சவுரி வாங்கிவிட்டேன். இரண்டு.' அத்தனை கண்களும் என் கொண்டைக்கு வந்தன.

மூடப் போனேன். பதற்றத்தில் எதையோ அழுத்தியதில், எங்கள் பள்ளிக்கு நான் எழுதியது திரை முழுக்க விரிந்தது.

'இரண்டாம் மாடி மாணவிகள் கழிப்பறை எதிலும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. தலைமையாசிரியை அறைக்கு மட்டும் புது ஏ.சி. ஐந்துக்கு இரண்டு. மறுதேர்வு தேவை.'

சிரிப்பு நின்றது. முன் வரிசையிலிருந்து தலைமையாசிரியை எழுந்தார். "மிஸஸ் வத்சலா, இது நீங்க எழுதினதா?"

வேலை போயிற்று என்று தெரிந்தது. காவ்யாவின் கல்லூரிக்கு என்ன செய்வது என்று அங்கேயே மனம் ஓடியது. மேடை ஓரத்திலிருந்து செல்வம் சார் கிசுகிசுத்தார்: "யாரோ ஹேக் பண்ட்டாங்கன்னு சொல்லிடுங்க மேடம்! நான் சாட்சி!" (பனியனை மறந்து உதவ வந்த அந்த மனிதரை என்ன சொல்ல!)

'ஆமாம், யாரோ...' என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் நடுவில் ஒரு பெண் எழுந்தார். ராயப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா.

"எம் பொண்ணு காலைல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. குடுத்தனுப்புற பாட்டில் அப்படியே திரும்பி வருது. இன்னாடின்னு கேட்டா வாயத் தொறக்கல. ரெண்டு தபா நீர்க்கடுப்புன்னு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினேன். இதானா மேட்டரு?"

என் குரல் எப்படியோ வகுப்பறைக் குரலாக வந்தது. "நான்தான் மேடம் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் நான்தான்."

அப்புறம் என்னைப் பேச விடவில்லை. ஒவ்வொரு வரிசையாக அம்மாக்கள் எழுந்தார்கள். ஒரு அப்பா, "வாங்க, இப்பவே மாடிக்குப் போய்ப் பாத்துடலாம்" என்று செருப்பை மாட்டினார். இட்லிக் கடை அம்மா, "இந்த டீச்சர் மேல கைய வெச்சீங்க, நாங்க அல்லாரும் கேட்டாண்ட வந்து குந்திக்குவோம்" என்று உறுதி கொடுத்தார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு, "அதை மட்டும் எடுத்துடுங்களேன்" என்றார், மெதுவாக.

"விடைத்தாளைப் பாக்காம மார்க்கை மாத்தற பழக்கம் எனக்கில்ல மேடம்."

(இதைச் சொன்னது நான்தானா என்று இன்றும் சந்தேகமாக இருக்கிறது.)

புதன்கிழமை தச்சர் வந்தார். ஏழு கதவுகள், ஏழு தாழ்ப்பாள்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்து, மதிப்பெண்ணை நான்காக உயர்த்தினேன். (குழாய் ஒன்று ஒழுகியது.) தேடிப் பார்க்கும் பொறுப்பு செல்வம் சாருக்குப் போனது. அவர் போட்ட முதல் உத்தரவு: "மேடம், அந்த சவுரி மேட்டரத் தூக்கிடுங்க."

தூக்கிவிட்டேன். ஆனாலும் கைப்பேசி 'டிங்' என்றால் இன்னும் எனக்கு நெஞ்சு படக்கென்கிறது.

என் பெயர் மட்டும் என் கையில் இல்லை. இரண்டாம் மாடியில் பெண்கள் கழிப்பறைக்கு வெளியே நின்று தோழியிடம், "வத்சலாவைப் போட்டுட்டியாடி?" என்று கத்துகிறார்கள். உள்ளிருந்து, "போட்டுட்டேன்!" என்று பதில் வருகிறது. ஒருநாள் இதை வீட்டில் வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். இப்போது நாங்கள் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என் கணவர் மகளைப் பார்த்து நிதானமாகக் கேட்கிறார்:

"பால்கனிக் கதவுக்கு அம்மாவைப் போட்டியா?"