வேட்டி கட்டிய படகு

தண்ணீர் லாரியைக் கண்டால் குடத்தோடு ஓடுகிற சங்கரன்கோவிலில், படகு வைத்திருப்பவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். விசைத்தறி ஓட்டுகிற நான், தூத்துக்குடி மச்சினன் செல்வம் கழித்துப்போட்ட பைபர் படகை மினி லாரியில் ஏற்றி வந்தேன். அந்த வருஷம் மழை கொட்டி ஊர்க் குளம் நிறைந்திருந்தது. (ஆசை வர அது போதாதா!)

படகின் அடியில் விரல் நுழைகிற விரிசல்கள். என் மனைவி முத்துலட்சுமி சுற்றிவந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வாரான். அன்னைக்கு இது மிதக்கணும். இல்லன்னா நம்ம மாட்டுக்குத் தண்ணித் தொட்டி, சொல்லிட்டேன்."

மாடு அப்போதே படகை முகர ஆரம்பித்திருந்தது.

விரிசலைத் தேய்த்து அகலப்படுத்தி, கண்ணாடி நார் விரிப்பை வைத்து ரெசின் பூச வேண்டும். அது இறுக, ஹார்டனர் கொஞ்சம் போதும் என்று செல்வம் போனில் சொன்னான்.

"அளந்து ஊத்துங்க அத்தான்."

"ஏலே, வருஷக்கணக்கா தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுதேன். எனக்கே கலக்கச் சொல்லித் தாரியா?"

கஞ்சிக்கு எங்களுக்குக் கண்ணளவுதான். அப்படியே தாராளமாக ஊற்றினேன். ஞாயிறு காலை, படகுக்குள் குத்தவைத்துப் பூசும்போது, ஹார்டனர் கூடிப்போய், ரெசின் கலக்கிய மக்கில் புகை வந்தது. பிரஷ் கல்லாகிவிட்டது. பதறி எழுந்தேன், வேட்டி எழவில்லை. அதன் பச்சைக் கரை ரெசினில் ஒட்டி இறுகியிருந்தது. இழுத்தால் படகும் சேர்ந்து அசைகிறது, சூடு வேறு ஏறுகிறது. வேட்டியைப் படகுக்கே விட்டுவிட்டு, பட்டாபட்டி டவுசரோடு வெளியே குதித்தேன். வாசலில் செல்வம், பெண்டாட்டி பிள்ளைகளோடு, கையில் மக்ரூன் பொட்டலம்.

"அத்தான், என்ன கோலம் இது!"

மானம் போயாச்சு, படகாவது மிஞ்சட்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. (டவுசரோடு வருகிற வெறி தனி.) ஒட்டிய கரையை மட்டும் விட்டு, மிச்ச வேட்டியைப் பிளேடால் அறுத்தேன். மறுபடி தேய்த்து, ஹார்டனரை மருந்து மூடியில் அளந்து, புது விரிப்பை அடுக்கடுக்காக ஒட்டினேன்.

சாயங்காலம் குளத்தில் இறக்கினோம். முத்துலட்சுமிதான் முதலில் ஏறினாள். உள்ளே குனிந்து அடிப்பாகம் முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு இல்லியே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளத்து மேட்டில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"அத்தான், ஒரு ரவுண்டு நான் ஓட்டட்டா?"

"வரிசையில வாலே."

இன்றைக்கும் படகு ஒழுகவில்லை. அடியில் பச்சைக் கரை பளபளவென்று தெரிகிறது. மாடு பழைய சிமெண்டுத் தொட்டியில்தான் குடிக்கிறது. ஆனால் வீட்டில் குழாய் ஒழுகினாலும் வாளி விரிசல் விட்டாலும், சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தால்கூட முத்துலட்சுமி ஒரே குரல்தான் கொடுக்கிறாள்:

"ஏங்க, வேட்டிய அவுத்துக்கிட்டு வாங்க!"