டீச்சர் கேட்ட சாதம்

"நல்லா இருக்கு மாமி. ஆனா அது இல்ல," என்றாள் செல்வமேரி.

அவள் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கி வாசலில் எறியலாம் போலிருந்தது சாவித்ரிக்கு. இது மூன்றாவது தடவை. இந்த முறை எள்ளைத் தனியாக வறுத்திருந்தாள். கட்டிப் பெருங்காயம் வாங்கி எண்ணெயில் பொரித்திருந்தாள். அந்த வாசம் தெருமுனை ரேஷன் கடை வரைக்கும் போனதாகக் கணவர் ஸ்ரீரங்கன் சொன்னார்.

"எது இல்லை டீச்சர்?"

"அதான் மாமி. முதல்ல குடுத்தீங்களே, அது."

சேலையூரில் அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது தை மாதம். பால் காய்ச்சிய அன்று ஸ்ரீரங்கனின் அக்கா கனகவல்லி மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு அடுக்கு நிறையப் புளியோதரையோடு வந்து இறங்கினாள். எந்த அலமாரியில் எதை வைப்பது என்பதிலிருந்து எந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது வரை உத்தரவு போட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிப் போனாள்.

நாலாம் நாள், பக்கத்து வீட்டில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் செல்வமேரி ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தாள். உள்ளே அச்சு முறுக்கு.

"உங்க தூக்கு மாமி. வெறுமனே குடுக்க மனசு வரல. நீங்க மதில் மேல வெச்சுக் குடுத்த சாதத்துக்கு இது ஈடே இல்ல. எங்க வீட்ல சண்டையே வந்துடுச்சு. என் பொண்ணு அருள்மேரி தூக்கை அலசிக் குடிக்காத குறை."

சாவித்ரி யாருக்கும் சாதம் கொடுக்கவில்லை. கனகவல்லிதான் கொடுத்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே புரிந்துகொண்டாள். தூக்கும் அவளுடையதாகத்தான் இருக்கும்.

'அது எங்க நாத்தனார் பண்ணினது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சாவித்ரியின் சமையலைப் பற்றிக் கனகவல்லி வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு, "வெந்நீர் நன்னா காஞ்சிருக்கு" என்பதுதான்.

"அதென்ன பிரமாதம் டீச்சர்? எங்காத்துல எப்பவும் பண்றதுதான்," என்றாள் சாவித்ரி.

செல்வமேரியின் கண்கள் அகன்றன. "எப்பவுமா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள்."

செல்வமேரி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மாமி. மாதா மேல சத்தியம்."

அடுத்த வீட்டுச் சமையல் ரகசியத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற பெண்பிள்ளையை சாவித்ரி அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே டீச்சரை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

அதற்கப்புறம் அந்தத் தூக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. போகும்போது சாதம். வரும்போது கேக்கோ, முறுக்கோ, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையோ. கூடவே அந்தத் தீர்ப்பு. நல்லா இருக்கு. ஆனா அது இல்ல.

சாவித்ரிக்குக் கோபத்தைவிடக் குறுகுறுப்புதான் அதிகமாக இருந்தது. கனகவல்லி அப்படி என்னதான் போட்டிருப்பாள்? காய் நறுக்கும்போது அதே யோசனை. துணி உலர்த்தும்போது அதே யோசனை. ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"சும்மா கேக்கறேன் டீச்சர். நான் பண்ணினது உங்க நாக்குக்கு எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சுக்கத்தான். கலர் எப்படி இருந்தது?"

"கருஞ்சிவப்பா."

"புளிப்பு?"

"தூக்கலா. நேத்து வெச்ச குழம்பைச் சுண்டக் காய்ச்சிப் பிசைஞ்சா வருமே, அந்த மாதிரி."

நேற்றைய குழம்பு! மடி, ஆசாரம் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற கனகவல்லி பழைய குழம்பைப் பிசைந்து ஊராருக்குக் கொடுத்திருக்கிறாள்! சாவித்ரிக்குப் பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து மனம் குளிர்ந்தது.

"கடிக்கறதுக்கு ஏதாவது?"

"அதானே மாமி விசேஷம். நடுநடுவுல மொறுமொறுன்னு, கொஞ்சம் உப்பா..." செல்வமேரி நிறுத்திவிட்டுச் சங்கோஜமாகச் சிரித்தாள். "என் வாயாலயே சொல்ல வைக்கறீங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

"வத்தலா?"

செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "சரி மாமி. வத்தல்னே வெச்சுக்குவோம்."

மறுநாளே ஸ்ரீரங்கன் ஆபீஸ் விட்டு வரும்போது தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி, கண்ணில் பட்ட வற்றலையெல்லாம் வாங்கிவந்தார். மோர்மிளகாய் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு டீச்சர் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். சுண்டைக்காய் கசந்தது. மணத்தக்காளி போட்டதற்கு, "இது சின்னதா உருண்டையா இருக்கே மாமி, அது நீளமா இல்ல இருக்கும்?" என்றாள்.

நீளம்! சாவித்ரி கொத்தவரங்காய் வற்றலை வறுத்துப் போட்டாள்.

செல்வமேரி தூக்கைத் திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒன்றை விரலால் எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "பாக்கறதுக்கு அச்சு அசல் அதேதான் மாமி!"

சாவித்ரி ஓரடி கிட்டே வந்து நின்றாள்.

செல்வமேரி மென்றாள். மெல்ல மெல்ல முகம் சுருங்கியது. "ஆனா அது இல்ல."

இதற்குள் மிச்சமான சாதமெல்லாம் ஸ்ரீரங்கன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. காலையில் புளிச்சாதம். டிபன் பாக்ஸில் புளிச்சாதம். ராத்திரிக்கு மிச்சத்தை அரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு அடை.

"ஆபீஸ்ல நான் டப்பாவைத் திறந்தா பக்கத்து சீட்டுக்கார அசரியா எழுந்து டீ குடிக்கப் போயிடறான்," என்றார். "அந்த டீச்சர்கிட்ட நேரா கேட்டுடேன், அதுல என்னதான் இருந்ததுன்னு."

"நான் பண்ணினதை நானே எப்படிக் கேக்கறது?"

"நீதான் பண்ணலையே!"

"அது அவளுக்குத் தெரியாதே!"

ஸ்ரீரங்கன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் செல்வமேரியே வந்தாள். சமையலறைக் கதவை லேசாகச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மாமி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக்கூடாது. அதை வாங்கறதுக்கு உங்களுக்கு ஏதாச்சும் சிரமம்னா, நானே வாங்கித் தரேன். சார் போய் வாங்கினா நாலு பேர் பாப்பாங்க, பேசுவாங்க."

சாவித்ரியின் முகம் சிவந்துபோனது. வாங்க வக்கில்லை என்றா நினைத்துவிட்டாள்?

"எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை டீச்சர். எங்காத்துல கிலோக் கணக்குல இருக்கு."

"கிலோக் கணக்குலயா!" என்று மார்பில் கை வைத்தாள் செல்வமேரி. பிறகு ஆச்சரியம் தீர்ந்து சந்தோஷமாகிவிட்டாள். "அப்ப ஒரு உதவி செய்யணும் மாமி. வர்ற ஞாயித்துக்கிழமை அருள்மேரிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ல. இருபது பேர் வராங்க. எல்லாம் நாங்களே செஞ்சுடுவோம். அந்தச் சாதம் மட்டும் மாமி கையால வரும்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காங்க."

"அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு," என்றது சாவித்ரியின் வாய். அவள் அதைத் தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

வேறு வழியில்லை. சாவித்ரி மறுநாள் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து மாம்பலத்துக்குப் போனாள். கனகவல்லி வீட்டு ஊஞ்சல் எதிரே தரையில் உட்கார்ந்து, பதினெட்டு வருஷ ரோஷத்தை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, பால் காய்ச்சின அன்னிக்குப் பக்கத்தாத்து டீச்சருக்குச் சாதம் குடுத்தேளே, அதுல என்ன போட்டேள்?"

கனகவல்லி ஊஞ்சலை நிறுத்தினாள். "எந்த டீச்சர்?"

"செல்வமேரின்னு. மூணு மாசமா அந்தச் சாதத்தைப் பத்தியேதான் பேசறா. அந்த மாதிரி சாதத்தைப் பிறந்ததுலேர்ந்து சாப்பிட்டதில்லையாம்."

கனகவல்லி உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு ஊஞ்சல் மறுபடி ஆடத் தொடங்கியது.

"ஓ, அதுவா! அது சொல்லிக் குடுத்து வர்றதில்லைடி. கையில இருக்கணும். நானே வரேன்."

"பழைய குழம்பு ஏதாவது..."

"பழையதா? எங்காத்துலயா?" என்று கனகவல்லி போட்ட சத்தத்தில் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கனகவல்லி சேலையூர்ச் சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். வேர்க்கடலை போட்டாள். கொண்டைக்கடலை போட்டாள். ஒரு கட்டி வெல்லம் போட்டாள். அவள் கை கழுவப் போன சமயத்தில் சாவித்ரி இரண்டு பிடி கொத்தவரங்காய் வற்றலை வறுத்து உள்ளே தள்ளினாள். சாவித்ரி வாழையிலை எடுக்கப் போன சமயத்தில் கனகவல்லி அதையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, போன உப்புக்கு ஈடாக இன்னும் ஒரு கை உப்புப் போட்டாள். சாவித்ரி உப்பைச் சரிக்கட்ட வெறும் சாதம் கொட்டினாள். இருபது பேருக்கு ஆரம்பித்த சாதம் பத்தரை மணிக்கு அறுபது பேருக்கு ஆகியிருந்தது. ஸ்ரீரங்கன் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் முழுக்கத் தான் என்ன சாப்பிடப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பக்கத்து வீட்டுப் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் டீச்சர் ருசி பார்த்துச் சொல்லட்டும் என்று, அந்தத் தூக்கிலேயே கொஞ்சம் சாதத்தை எடுத்துக்கொண்டு சாவித்ரியும் கனகவல்லியும் போனார்கள்.

பட்டுப்புடவையில் வந்த செல்வமேரி தூக்கை வாங்கித் திறந்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இருவரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் செல்வமேரி, தயங்கித் தயங்கி. "ஆனா மாமி... அது இல்லையே."

"எது இல்லை?" என்று முன்னால் வந்தாள் கனகவல்லி. "அன்னிக்கு உங்களுக்குக் குடுத்தது நான். என் கையால பிசைஞ்சது. இதே பக்குவம்தான்."

மூன்று மாதமாகக் கட்டிக் காத்த பேர் கண் முன்னால் போவதை சாவித்ரியால் தாங்க முடியவில்லை. "என்னக்கா சொல்றேள்? அன்னிக்குப் பண்ணினது நான்னா!"

"நீயா? நீ பண்ணினதை என்னிக்குடீ ஒருத்தர் ரெண்டாம் தடவை கேட்டிருக்கா?"

"டீச்சர் கேட்டா! மூணு மாசமா கேக்கறா!"

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். செல்வமேரி இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய குரல் ரகசியமாகவும் அதிசயமாகவும் வந்தது.

"அப்ப பெரியம்மாவும் அதைப் போடுவாங்களா மாமி?"

"போடாம?" என்றாள் கனகவல்லி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "ஆறு தலைமுறையா எங்காத்துப் பொம்மனாட்டிகள் கைவழியா வந்ததாக்கும். நாலு நாள் அது இல்லாட்டா எங்காத்து மனுஷாளுக்குத் தொண்டையில சாப்பாடே எறங்காது."

"ஆமாம்," என்றாள் சாவித்ரி. இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. "குழந்தையா இருக்கறச்சேயே ஊட்டிப் பழக்கிடுவோம்."

செல்வமேரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

விருந்தாளிகளுக்கு இளநீர் பறிப்பதற்காகக் கேளம்பாக்கத்திலிருந்து வரவழைத்திருந்த மரமேறி அப்பாதுரை, அப்போதுதான் தென்னை மரத்திலிருந்து இறங்கி, நெஞ்சில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி வந்தான். செல்வமேரியின் கையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கிட்டே வந்து குனிந்து, தூக்கின் அடியிலிருந்த நெளிசலை ஒரு தடவை பார்த்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

"அட, இது என் தூக்குதான்க்கா! தை மாசம் பக்கத்து வூட்டுக்குப் புதுசா ஆளு வந்தாங்களே, அன்னிக்கு மரம் ஏறச்சொல்ல இந்த மதில் மேலதான் வெச்சுட்டுப் போனேன், எறங்கி வந்து பாத்தா காணோம். எம் பொஞ்சாதி பழைய கொழம்புல பெசஞ்சு குடுத்த நெத்திலிக் கருவாட்டுச் சோறுக்கா, எவன் துன்னானோ!"