கேக்குக்கும் மாமிக்கும் இடைப்பட்ட தூரம்

புதிதாக ஒன்றைப் படித்தவன் கையில், விழுந்தால் திரும்பி வராத எதையும் கொடுக்கக் கூடாது. அம்மாவுக்கு இது தெரியாது. அக்காவின் கலியாணக் கேக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்.

கலியாணம் எங்கள் ஊர்காவற்றுறையில் முடிந்து, மறுநாள் நெடுந்தீவில் அத்தான் வீட்டு விருந்து. ஊர் பார்க்க அக்கா அங்கே வெட்ட வேண்டிய கேக் அது. "மாமியின்ர கையில நேர குடு. அக்கா அங்க வாழப்போறவள். முதல் நாளே அவளை ஒரு சொல் கேக்க வைச்சிடாதை" என்றார் அம்மா. மாமி என்றால் அத்தானின் தாய். லேசில் சிரிக்காதவர் என்று கேள்வி. குறிகட்டுவானில் படகு ஏறியதிலிருந்து அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

நானோ வேறு உலகத்தில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் அந்தக் கிழமைதான் கண்பார்வை பற்றிப் படித்திருந்தேன். இரண்டு கண்களிலும் விழும் படங்கள் சற்றே வேறானவை; அந்த வித்தியாசத்திலிருந்து மூளை தூரத்தை அறிகிறது. ஒரு கண்ணை மூடினால் அந்த வசதி போய்விடும். ஆனால் தலையை இடமும் வலமும் அசைத்தால், கிட்ட இருப்பது அதிகமாகவும் எட்ட இருப்பது குறைவாகவும் நகர்வதுபோலத் தெரியும். அதை வைத்தும் தூரம் பிடிக்கலாம். குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துச் சோதித்தேன். ஒருதடவைகூடக் கணக்குப் பிழைக்கவில்லை. (மேசை ஆடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

நெடுந்தீவு இறங்குதுறையில் அலை படகைத் தூக்கித் தாழ்த்தியது. அங்கே சாமான்களைக் கைமாற்றித்தான் இறக்குவார்கள். படகில் நிற்பவர் நீட்ட, கரையில் நிற்பவர் வாங்குவார். மாமியே முன்னால் வந்து கைகளை நீட்டினார். இதைவிட நல்ல சோதனை எப்போது வாய்க்கும்? இடது கண்ணை மூடித் தலையை ஆட்டத் தொடங்கினேன்.

"தம்பி, உமக்குக் கண்ணுக்குள்ள ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லை மாமி. தூரம் பாக்கிறன்."

"நான் இஞ்சதானே நிக்கிறன்."

கரையில் நின்ற ஒருவர், "பொம்பிளை வீட்டுத் தம்பி மாமிக்குக் கண்ணடிக்கிறார்" என்றார். அக்கா பல்லைக் கடித்தபடி, "டேய், குடுத்துத் துலையடா" என்றாள்.

கொடுத்தேன். என் தலையும் ஆடியது, படகும் ஆடியது. எது என் அசைவு, எது கடலின் அசைவு என்று பிரிக்கத் தெரியாத மூளை, மாமியின் கைகளை ஒரு முழம் கிட்டக் காட்டியது. இரண்டு கண்களையும் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. ஆடுகிற படகிலிருந்து வாழைக்குலையும் கோழியும் பத்திரமாகக் கரை சேர்வது அதனால்தான். பெட்டி நேரே கடலுக்குள் போனது. அம்மா முந்திரிகை வத்தலை வஞ்சகமில்லாமல் போட்டிருந்ததால் கேக் மிதக்கக்கூட இல்லை.

மாமி கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இனி மற்றக் கண்ணையும் திறவும்" என்றார்.

அழப்போன அக்காவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அதைப் பார்த்து மாமியும் சிரித்தார். அன்று விருந்தில் அக்காவும் அத்தானும் கேக்குக்குப் பதிலாக, ரிபன் கட்டிய கத்தியால் ஒரு இறாத்தல் பாணை வெட்டினார்கள். மாமி அதன்மேல் மாஜரின் பூசி, செவ்வரத்தம்பூ ஒன்றும் வைத்திருந்தார். அப்போது எடுத்த படம் இன்றும் அவர்கள் விறாந்தையில் தொங்குகிறது.

போன மாதம் அக்கா கைக்குழந்தையோடும் மாமியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குறிகட்டுவான் கரையில் நான் நிற்க, படகிலிருந்து மாமி பிள்ளையை நீட்டப்போய் நிறுத்தினார்.

"ரெண்டு கண்ணும் திறந்திருக்கோ தம்பி?"

"ஓம் மாமி."

"தலை?"

"ஆடாது மாமி."

பிள்ளை என் கைக்கு வந்தது. வெயிலுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிற்காத தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி, என்னையே பார்த்தது.