சுவர் நகர்கிறது என்றார் எதுக்கும் அண்ணன்

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு. காலையில் எழுந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். வேட்டிகளுக்குக் கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தினேன். உழவர் சந்தையில் சின்ன வெங்காயமும் சுரைக்காயும் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, கச்சிராயபாளையம் சாலையில் ஓர் உரக்கடையின் பின்கட்டில் இருக்கும் பில்லியர்ட்ஸ் கிளப்புக்குப் போனேன். எல்லா ஞாயிறும் எனக்கு இப்படித்தான். அந்த ஞாயிறன்று மட்டும் கூடுதலாக ஒன்று நடந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே தலைசிறந்த சந்தேகப் பேர்வழி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்மேலேயே சந்தேகப்பட நேர்ந்தது.

அவருக்கு எதுக்கும் அண்ணன் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்டால், "நீ எதுக்குக் கேக்குற?" என்பார். எந்தப் பேச்சையும் "எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்" என்றுதான் முடிப்பார். தொழில் புளித் தரகு. மூட்டையின் வாயில் இருக்கும் புளியை அவர் தொடவே மாட்டார். அடியில் கைவிட்டு எடுத்துச் சுவைத்துவிட்டு, மூட்டையைப் பார்க்காமல் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். புளிப்பு அங்கேதான் தெரியுமாம்.

கொள்முதலுக்கு வெள்ளிமலைக்கு ஜீப்பில் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். பாதி மலை ஏறியதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, போன வாரம் வந்தப்போ இந்த வளைவு இல்லியே?"

"ஆமாண்ணே. நேத்து ராத்திரிதான் எங்க மாமனாரு வெட்டி வச்சாரு."

"அப்புடியா? யாருகிட்ட பர்மிஷன் வாங்குனாரு?"

டிரைவர் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்து முடித்த பிறகுதான் நாங்கள் மேலே போக முடிந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. இறங்கும்போதும் அந்த வளைவை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளப்பிலும் அதே கதைதான். ஏழாம் எண் பந்து கனம் கம்மி என்று சொல்லி, எல்லாப் பந்துகளையும் புளிச்சாக்கில் கட்டி மண்டிக்கு எடுத்துப்போய் மின்தராசில் நிறுத்தார். மறுநாள் கொண்டுவந்து கொட்டினார்.

கிளப் நடத்தும் முருகேசன், "இன்னாண்ணே, எடை சரியா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"எல்லாம் ஒரே எடை. அதாண்டா எனக்கு டவுட்டா இருக்குது."

கம்பின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணாம்புக் கட்டியை நாங்கள் மேஜை விளிம்பில் வைப்போம். அவர் தன் கட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவருடைய வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நேரே நீலக் கறை உண்டு. தன் முறை வரும்வரை மேஜையின் ஒரு முனையில், முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாத மூலை நாற்காலியில் உட்கார்ந்து எங்களைக் கண்காணிப்பார்.

நாங்கள் ஆடும் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பதினைந்து பந்துகளில் பதினான்கைக் குழியில் போட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பதினான்கையும் மறுபடி முக்கோணமாக அடுக்குவோம். மிச்சமான ஒற்றைப் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதைக் குழியில் தள்ளும் அதே அடியில் வெள்ளைப் பந்து போய் முக்கோணத்தில் மோதி அதைக் கலைக்கவேண்டும். இதுதான் பிரேக் அடி. இதற்காக ஒற்றைப் பந்தை எந்தப் பக்கம் மிச்சம் வைப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

வலது கைக்காரனுக்கு மேஜை தன் வலப்பக்கம் இருந்தால் அடிக்க வாகு. ஆகவே அவன் முக்கோணத்தைப் பார்த்தபடி இடது ஓரத்தில் நிற்பான். பந்தையும் இடப்பக்கமே மிச்சம் வைப்பான். நாங்கள் அத்தனை பேரும் வலது கை. இடது ஓரத்தில் எங்களுக்குக் கல்யாண மண்டபம் போல இடம். எதுக்கும் அண்ணன் ஒருவர்தான் இடது கை. அவருக்கு எல்லாமே நேர்மாறு. அவர் நிற்கவேண்டிய வலது ஓரத்தில் உரக்கடைக் கிடங்கின் சுவர் இருந்தது. சுவருக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். எங்கள் பக்கம் வந்தும் முயன்று பார்த்தார். கை எட்டாமல் மேஜைமேல் பாதி படுத்துவிட்டார்.

இருந்தாலும் பல வருடம் அந்தச் சந்தில் நின்றே எங்களை ஜெயித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நடப்பவர் போல ஒரு காலுக்குப் பின்னால் ஒரு காலை வைத்து, உடம்பை ஒடுக்கி நிற்பார். அந்த ஆடி மாதம் திடீரென்று அவருடைய முழங்கை சுவரில் இடிக்க ஆரம்பித்தது. அடி தவறியது. வரிசையாகத் தோற்றார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"சொவுரு நவுருதுடா."

"இன்னாண்ணே சொல்ற?"

"அந்தப் பக்கம் யூரியா மூட்டைய அடுக்கி அடுக்கி உரக்கடக்காரம்மா சொவுர நம்ம பக்கம் தள்ளிக்கினு இருக்குது. கொஞ்சங் கொஞ்சமா. நீங்கல்லாம் கண்ண மூடிக்கினு ஆடுறீங்க."

எங்களிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மண்டியில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். அந்த அம்மாள் உரக்கடைக்கு மட்டும் சொந்தக்காரர் அல்ல. கிளப் இருக்கும் இடத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர். நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை, கையில் சாவிக்கொத்தோடு அவரே உள்ளே வந்தார்.

"யாருய்யா அது, நான் சொவுர நவுத்துறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறது?"

நாங்கள் எல்லோரும் சுண்ணாம்புக் கட்டி தேடினோம். எதுக்கும் அண்ணன் மட்டும் எழுந்து நின்றார்.

"நான்தாம்மா. வேணும்னா டேப்பு வச்சு அளந்துடலாம். உங்க டேப்பு வேணாம், வெளி டேப்பு."

"டேப்பு எதுக்குய்யா? கீழ பாரு. சொவுத்தோரமா அரை டைல்ஸ் வெட்டிப் போட்டுருக்குது. இந்த மூலையிலயும் அரை, அந்த மூலையிலயும் அரை, நடுவுலயும் அரை. சொவுரு நவுந்திருந்தா அந்த அரைய முழுங்கியிருக்காதா?"

அண்ணன் குனிந்து பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். "அப்போ மேஜை நவுந்திருக்கும்" என்றார், குரல் இறங்கி.

"அடியில கல்லு வச்ச மேஜைய எலியா இழுத்துக்கினு போச்சு? நீ ஆடுற மாதிரி நில்லு, நான் பாக்குறேன்."

நின்றார். கால்கள் இரண்டையும் அகட்டி, மார்பை நேரே காட்டி, பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார். பின்புறம் போய்ச் சுவரில் அழுந்தியது. அவர் விலகியதும் பார்த்தோம். வெள்ளையடித்த சுவரில், சரியாக அந்த இடத்தில், இரண்டு வட்டமாக அழுக்கு படிந்திருந்தது.

"சொவுரு நவுரலய்யா, நீதான் பின்னாடி நவுந்துக்கினு வந்துருக்க!"

கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மாள் மட்டும் சிரிக்காமல் முருகேசனைப் பார்த்தார். "இந்த ஆளு ஒடம்பு இனிமே என் சொவுத்துல பட்டுச்சுன்னா மேஜையத் தூக்கிக்கினு கெளம்பிடு. அவ்ளோதான் சொல்லுவேன்." சாவிக்கொத்து சத்தம் வாசல்வரை கேட்டது.

"பழைய மாதிரியே ஒடுங்கி நில்லுண்ணே, முடிஞ்சு போச்சு" என்றான் முருகேசன்.

அண்ணன் வரப்பு நிலையில் நின்று பார்த்தார். பின்னங்கால் நடுங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டி தாங்கலடா" என்றார். "ரெண்டு மாசமா வலி. செல்லுல ஒரு வீடியோ பாத்தேன். கால அகட்டி நின்னா வலி கம்மியா இருக்குது. அதுலதான் எடம் ஜாஸ்தி புடிச்சிருக்கும் போல. எனக்குத் தோணவே இல்ல."

வலியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கால் முடியாதவர் என்று தெரிந்தால் மலையில் விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற சந்தேகம்.

"என்னால உங்க ஆட்டம் போவக் கூடாது. நான் வரல, நீங்க ஆடுங்க." சட்டைப் பையிலிருந்து நீலக் கட்டியை எடுத்து மேஜை விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யாருக்கும் ஆடக் கை ஓடவில்லை. சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் போய் அவருடைய மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர் முனையில் முக்கோணம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், தலையைக் கொஞ்சம் திருப்பி, முக்கோணத்தை இந்த முனையில் அடுக்கினால் எப்படி இருக்கும் என்று எழுந்து எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன். சுவர் எனக்கு இடப்பக்கம் இருந்தது. வலது ஓரம் முழுக்கத் திறந்த வெளி. இடது கைக்காரர் காலை எவ்வளவு வேண்டுமானாலும் அகட்டலாம். இத்தனை வருடம் அதே மூலையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏன் இது தோன்றவில்லை? அவர் மேஜையை எங்கே பார்த்தார்! எங்களையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.

"அப்போ நாமல்லாம் அந்தச் சந்துல நிக்கணுமேண்ணே?" என்று என்னிடம் கேட்டான் முருகேசன்.

"ஆமாம்."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, முக்கோணம் வைக்கும் இடத்துக்கு அடையாளமாகத் துணியில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டை நகத்தால் உரித்தெடுத்து, இந்த முனையில் ஒட்டினான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, பல் துலக்கியதும் முதல் வேலையாகப் புளி மண்டிக்குப் போனேன். அண்ணன் மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அப்போ உங்களுக்கெல்லாம் சொவுரு இடிக்குமே?"

"எங்களுக்கு முட்டி நல்லாருக்குது அண்ணே. ஒடுங்கி நிப்போம்."

"இதுல உங்களுக்கு இன்னா லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம எவன்டா செய்வான்?" என்று கண்ணைச் சுருக்கி, என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய குறையாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.